முத்திரை பதித்தவரும் குழல் கடைந்தவரும்: மில்லர் குழல் சேகரிப்பு, ஒரு மதிப்பீடு

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் தன் பொறுப்பில் இருக்கும் டேட்டன் மில்லர் குழல் சேகரிப்பை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 குழல்களும் பிற காற்றுக் கருவிகளும் அதில் உள்ளன. அவற்றுடன் குழலைப் பற்றிய நூல்கள், இசைத்தாள்கள், பயிற்சிப் புத்தகங்கள், பட்டறைகளின் விற்பனைப் பட்டியல்கள், காப்புரிமை ஆவணங்கள், குழலூதும் உருவச் சிலைகள் என்று, ஒரே கருவியைச் சுற்றி ஒரு தனி மனிதர் திரட்டியவையும் சேர்ந்திருக்கின்றன. பழைய மரக்குழல் வாங்க நினைப்பவருக்கும், கையில் கிடைத்ததைச் செப்பனிடுபவருக்கும், பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்ய விரும்புபவருக்கும் முதலில் சொல்லப்படும் இடம் இதுதான். முதல் இருவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாமவருக்கு இது பாதி வழிதான் துணை வரும். அந்தக் குழல்களைச் செய்த கைகள் யாருடையவை என்று அறிய வருபவருக்கோ, நிறையக் கொடுப்பதுபோல் தோன்றி, முக்கியமான இடத்தில் கையை விரித்துவிடுகிறது.

மில்லர் (1866–1941) தொழிலால் இயற்பியலாளர். கிளீவ்லாந்தில் பேராசிரியராக இருந்தவர். ஒலி அலைகளை ஒளிப்படமாகப் பதியும் போனோடெய்க் என்ற கருவியை உருவாக்கியதற்காகவும், ஈதர் என்று அக்காலத்தவர் நம்பிய ஊடகத்தின் ஓட்டத்தைத் தேடிப் பல ஆண்டுகள் சளைக்காமல் சோதனை நடத்தியதற்காகவும் அறிவியல் வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. ஈதரைத் தேடியதில் அவர் தோற்றார். குழலைத் தேடியதில் தோற்கவில்லை. குழல் எந்தப் பொருளால் ஆனது என்பது அதன் ஒலியை மாற்றுமா என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. 22 காரட் தங்கத்தில் தம் கையாலேயே ஒரு குழல் செய்து முடித்தார். இன்றைய குழலின் அமைப்பை வகுத்த தியோபால்ட் பேம் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலை 1908 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. இறக்கும்போது அத்தனையையும் நூலகத்துக்கு எழுதி வைத்துவிட்டார். சேகரிப்பின் நிறையும் குறையும் அவருடைய இயல்பிலிருந்தே வருகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழகுப் பொருள் சேர்ப்பவராக இருந்திருந்தால் விலை உயர்ந்தவற்றை மட்டும் வாங்கியிருப்பார்; அளந்து பார்க்கும் மனம் கொண்டவர் என்பதால் விசை (துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு) ஒன்று கூடினாலும் துளை ஒன்று நகர்ந்தாலும் அதையும் ஒரு சான்றாக எண்ணி வாங்கினார். அதனால்தான் சாதாரணமான எட்டு விசைக் குழல்கள் இங்கே இத்தனை இருக்கின்றன. பழைய குழல் வாங்குபவரின் கைக்கு உண்மையில் வந்து சேர்வது அத்தகைய குழல்தான்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணின் கீழ் மரம் எது, பூண் தந்தமா வெள்ளியா, எத்தனை துண்டுகள், எத்தனை விசைகள், எங்கே என்ன முத்திரை பதித்திருக்கிறது, நீளம் எவ்வளவு, மில்லர் யாரிடமிருந்து பெற்றார், இப்போதைய நிலை என்ன என்னும் விவரங்கள் சுருக்கமாக வருகின்றன. எழுத்து நடையில் அலங்காரம் கிடையாது. விரிசல் இருந்தால் விரிசல், விசை காணாமற்போயிருந்தால் காணவில்லை, அவ்வளவுதான். விற்பனைக் கூடங்களின் வருணனையில், ஓட்டை விழுந்த குழலும் “தன் வயதுக்கேற்ற அழகுடன்” நிற்பதைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வறண்ட நடை பெரும் நிம்மதி.

படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்தான் உண்மையான பயன் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் செய்யப்பட்ட எட்டு விசைக் குழல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். விசைகள் மரத்திலிருந்தே எழும் சிறு மேடுகளில் பொருத்தப்பட்டிருப்பது தெரியும். அந்த மேடுகள் ஒட்டவைத்தவை அல்ல. கடைசல் பட்டறையில் குழலைக் கடையும்போதே விசை வரவேண்டிய இடத்தில் சுற்றிலும் ஒரு வளையத்தை விட்டு வைப்பார்கள். கடைந்து முடித்த பிறகு உளியாலும் அரத்தாலும் அந்த வளையத்தில் வேண்டாத பகுதியை எல்லாம் நீக்கி, விசைக்கு வேண்டிய கட்டையை மட்டும் நிறுத்துவார்கள். பின்பு அதன் நடுவே பிளவு வெட்டி, விசையை அதில் இறக்கி, குறுக்கே ஓர் ஊசியைச் செருகுவார்கள். வளையத்தை நீக்கிய இடத்தில் குழலின் வட்டம் மற்ற இடங்களைப்போல் துல்லியமாக இருக்காது. கடைசல் இயந்திரம் தொடாத, கையால் சீவி அரம் போட்டுச் சரிசெய்த மேற்பரப்பு அது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்த இடத்தின் ஒளித்தெறிப்பு மட்டும் சற்றே நெளிந்து நிற்கும். அந்த நெளிவைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் ஒரு பட்டறையின் கவனத்தையும் அவசரத்தையும் படத்திலேயே எடைபோடலாம்.

இந்த முறைக்கு நேர் எதிராக நிற்பவை கிளாட் லோரான் செய்த கண்ணாடிக் குழல்கள். பாரிஸில் கடிகாரம் செய்துவந்த அவர் 1806 இல் கண்ணாடிக் குழலுக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் மேடு விட்டுக் கடைந்து ஊசி செருக முடியாது. எனவே வெள்ளித் தகடுகளின்மேல் சிறு தூண்களை நிறுத்தி விசைகளை அவற்றில் தாங்கவைத்தார். கண்ணாடிக்காகக் கண்ட அந்த வழி பின்னாளில் மரக் குழல்களுக்கும், கிளாரினெட், ஓபோ போன்றவற்றுக்கும் பொது வழியானது. மில்லர் சேகரிப்பில் லோரானின் குழல்கள் வரிசையாக இருப்பதால் இந்த மாற்றத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். அவற்றில் ஒன்று 1813 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசனுக்காகச் செய்யப்பட்டது. அவர் பெயரும் பதவியும் அதன் வெள்ளிப் பூணில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவை எல்லாம் படிகம் என்றே நெடுங்காலம் வழங்கப்பட்டன. பின்னர் நடந்த வேதியியல் ஆய்வில், மிகச் சிலவே ஈயம் சேர்ந்த படிகம் என்றும் பெரும்பாலானவை பொட்டாஷ் கண்ணாடி என்றும் தெரிய வந்தது. பொட்டாஷ் கண்ணாடி ஈரத்தில் மெல்லச் சிதையக்கூடியது. மூச்சு படும் கருவிக்கு இது சிறிய செய்தி அல்ல.

வாங்குபவருக்கு இந்தத் தளம் எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்குக் காட்டிய குழலில் விசைகள் ஜெர்மன் சில்வரில் (வெள்ளி கலவாத, நிக்கல் சேர்ந்த உலோகக் கலவை) இருந்தன. அவற்றின் மூடிகள் உப்புக் கரண்டியைப்போல் வட்டமாகக் குழிந்திருந்தன. ஜெர்மன் சில்வர் கருவிகளில் பரவலாக வந்தது 1820களுக்குப் பிறகுதான். பழைய விசைகளின் மூடிகள் சதுரத் தகடுகள்; அடியில் தோல் ஒட்டியிருக்கும். அதற்கு அடுத்து லண்டனில் ரிச்சர்ட் பாட்டர் 1785 இல் காப்புரிமை பெற்றபோது முன்வைத்த முறையில், கூம்பு வடிவ ஈயக்கலவை அடைப்பான்கள் வெள்ளி வளையத்துக்குள் போய் உட்காரும். குழிந்த மூடிகள் அதற்கும் பின்னால் வந்தவை. மில்லரின் குழல்களை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த மூன்று படிகளும் ஒரு மாலைப்பொழுதில் கண்ணுக்குப் பழகிவிடும். விற்பனையாளர் பொய் சொன்னார் என்று நான் கூற வரவில்லை. குழலின் பெட்டி பழையதாக இருந்ததால் குழலும் அதே வயது என்று நம்பியிருக்கலாம்.

செப்பனிடுபவருக்கும் இதே அளவு பயன் உண்டு. தலைத்துண்டில் நீளவாக்கில் ஓடும் விரிசல் இங்கே மீண்டும் மீண்டும் வரும் நோய். சுருதியை ஏற்றி இறக்குவதற்காகத் தலைத்துண்டுக்குள் உலோகக் குழாயைப் பொருத்தும் வழக்கம் வந்தபின், காலப்போக்கில் மரம் உலர்ந்து சுருங்கியது, உள்ளே இருந்த உலோகம் சுருங்கவில்லை, மரம் பிளந்தது. எந்தெந்தக் குழல்களில் விரிசல் ஊதுதுளையைத் தொட்டிருக்கிறது, எவற்றில் தொடாமல் ஓரமாகப் போயிருக்கிறது, முந்தைய தலைமுறையினர் எங்கே மெழுகு வைத்தார்கள், எங்கே வெள்ளி வளையம் போட்டு இறுக்கினார்கள் என்பதைப் படங்களில் பின்தொடரலாம். பாக்ஸ் மரத்தில் செய்த குழல்களில் வேறொரு சிக்கல். அக்காலப் பட்டறைகளில் இந்த வெளிர் மஞ்சள் மரத்துக்கு நைட்ரிக் அமிலம் பூசிப் பழுப்பு நிறமேற்றுவார்கள். அமிலம் ஆழமாக இறங்கிய இடங்களில் மரம் உதிரும் நிலைக்கு வந்துவிடும். படத்தில் கரும்பழுப்புத் திட்டுகளைக் காணும்போது அழகு என்று எண்ணாமல் கவனமாக இருக்கவேண்டும்.

மூன்றாமவர், அதாவது பழைய மாதிரியைப் பார்த்துச் செய்பவர், ஏமாறுவது இதன்பின்தான். குழலின் குரல் அதன் வெளிப்புறத்தில் இல்லை, உள்துளையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் குழலில் உள்துளை தலைப்பக்கம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் விட்டத்தில் தொடங்கி, கீழே போகப் போகக் குறுகி, 13 அல்லது 14 மில்லிமீட்டருக்கு வந்து நிற்கும். அந்தக் குறுக்கம் நேர்க்கோடாக இருப்பதில்லை. ஓர் இடத்தில் கால் மில்லிமீட்டர் அகன்றும் அடுத்த இடத்தில் சட்டென்று ஒடுங்கியும் போகும். கைவினைஞர் ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்த்துச் சீவிய தடம் அது. பேம் 1847 இல் இதைத் தலைகீழாக்கி, உடலை 19 மில்லிமீட்டர் சீரான உருளையாகவும் தலையை 17 மில்லிமீட்டர்வரை ஒடுங்குவதாகவும் வகுத்தார் என்பதே, உள்துளை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்டும். நான் பார்த்த பதிவுகளில் மொத்த நீளம் கிடைக்கிறது. உள்துளையின் அளவு வரிசை கிடைப்பதில்லை. எண்ணுக்காகவே வாழ்ந்த ஓர் இயற்பியலாளரின் சேகரிப்பில் இந்த எண் இல்லாதது வியப்புத்தான். பாரிஸ் இசை அருங்காட்சியகம் தன் கருவிகள் சிலவற்றுக்கு உள்ளளவுகளோடு நுட்ப வரைபடங்கள் வெளியிடுகிறது. செய்பவர்கள் அங்கே போவதே நல்லது.

இனி, எனக்குள்ள பெரிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். பதிவுகளில் “செய்தவர்” என்ற இடத்தில் இருப்பது பெரும்பாலும் முத்திரையில் உள்ள பெயர். முத்திரை ஒரு நிறுவனத்தின் பெயர். சில சமயம் அது ஒரு கடையின் பெயர். சில சமயம் புகழ்பெற்ற ஒரு வாசிப்பாளரின் பெயர். லண்டனில் 1820களில் “நிக்கல்சனின் மேம்படுத்திய குழல்” என்று கிளெமென்டி நிறுவனத்தின் முத்திரையோடு வந்த குழல்களைப் பாருங்கள். சார்ல்ஸ் நிக்கல்சன் பெருந்துளைக் குழலை வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர். கிளெமென்டி பியானோ விற்ற நிறுவனம். பட்டறையில் அவற்றைச் செய்தவர் தாமஸ் பிரவுஸ். மூன்று பேரில் முதல் இருவரின் பெயரே பெரும்பாலும் மரத்தில் பொறிக்கப்பட்டது. 1831 இல் லண்டனில் நிக்கல்சனின் வாசிப்பைக் கேட்ட பிறகுதான் பேம் தம் குழலை அடியோடு மாற்றத் துணிந்தார் என்பது குழல் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. நிக்கல்சனின் கையில் அன்று இருந்த குழலைச் செய்தவரைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

ரடால் அண்டு ரோஸ் என்ற பெயரும் அப்படியே. ஜார்ஜ் ரடால் குழல் ஆசிரியர். பட்டறை வேலை ஜான் மிட்செல் ரோஸின் பக்கம். அவர்களுக்குக் கீழே வேலை பார்த்த தொழிலாளர்கள் பின்னர் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். ஜான் ஹட்சன் அவர்களில் ஒருவர். சிக்காமா 1845 இல் காப்புரிமை பெற்ற குழல்களைச் செய்தவரும், பிராட்டன் என்ற வாசிப்பாளரின் பெயரில் வந்த குழல்களைச் செய்தவரும் அவரே. முத்திரைகளின்படி தேடினால் இவை மூன்று தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கும். ஒரே ஆளின் கை அவற்றின் ஊடே ஓடுகிறது என்பதைத் தளம் எடுத்துக்காட்டாது. ஊதுதுளையின் ஓரத்தை எப்படிச் சரித்தார், கட்டையின் மூலையை எப்படி மழித்தார் என்பதைப் படங்களில் ஒப்பிட்டு நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாக்சனியில் உள்ள மார்க்நொய்க்கிர்ஷன் வட்டாரத்திலிருந்து வந்த குழல்களின் நிலை இன்னும் மோசம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகளில் இருந்தபடியே ஒருவர் துண்டுகளைக் கடைவார், இன்னொருவர் விசை வார்ப்பார், வேறொருவர் எல்லாவற்றையும் சேர்ப்பார். வணிகர்கள் அவற்றை வாங்கி உலகமெங்கும் அனுப்புவார்கள். பல குழல்களில் முத்திரையே இருக்காது; சிலவற்றில் வாங்கி விற்ற கடையின் முத்திரை இருக்கும். அத்தகைய குழலுக்குச் “செய்தவர் தெரியவில்லை” என்று எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் செய்த முறை தெரிந்ததுதானே, அதையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்தப் பிரிவினை ஐரோப்பாவில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. நார்மண்டியில் லா கூத்தூர் பூசே என்ற சிற்றூரில் ஒத்தத்தேர் குடும்பத்தார் மரம் கடைவதிலிருந்து அரசவையில் வாசிப்பதுவரை ஒரே குடும்பத்துக்குள் வைத்திருந்தார்கள். கிளாரினெட்டை உருவாக்கியவராகக் கருதப்படும் நியூரம்பெர்க் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் (1655–1707), கொம்பு கடைந்து வேட்டைக்காரர்களுக்கான ஊதல்கள் செய்த தந்தையிடம் தொழில் பழகியவர். 1696 இல் அவரும் யோஹான் ஷெல் என்பவரும் பிரெஞ்சு முறைக் கருவிகளைச் செய்ய அனுமதி கேட்டு நகர மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அவர்களின் முத்திரைக்குப் பின்னால் ஒரு பட்டறையும் அதில் உட்கார்ந்த ஆளும் தெளிவாகத் தெரிகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது 916 ஆம் எண் குழல். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்குக்காக அவருடைய குழலாசிரியர் யோஹான் யோவாகிம் க்வான்ட்ஸ் (1697–1773) செய்துகொடுத்தது என்று பதிவாகியிருக்கிறது. நல்ல குழல்கள் கிடைக்காததால் 1739 முதல் குழலைத் துளையிட்டுச் சுருதி சேர்க்கும் வேலையைத் தாமே மேற்கொண்டதாக க்வான்ட்ஸ் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். வழக்கமாக ஒரு விசை இருக்கும் இடத்தில் அவர் இரண்டு வைத்தார். இன்றைய பியானோவில் ஒரே கட்டையாக இருக்கும் இரு சுரங்களை அவர் காது வேறு வேறாகக் கேட்டது. படத்தில் அந்த இரண்டு விசைகளும் அருகருகே நிற்பதைப் பார்க்கும்போது, செய்தவரும் வாசிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் மட்டுமே வரக்கூடிய பிடிவாதம் அது என்று தோன்றுகிறது. இந்தச் சேகரிப்பில் ஒரே ஒரு கருவியை மட்டும் பார்க்க நேரமுள்ளவருக்கு நான் காட்டுவது இதைத்தான். மேடிசனின் குழலை அல்ல.

மேடிசனின் குழல் 2022 செப்டம்பரில் பாடகி லிஸ்ஸோ அதை எடுத்து வாசித்தபோது உலகச் செய்தியானது. இருநூறு ஆண்டுக் கண்ணாடியை மேடைக்குக் கொண்டுபோனது சரியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நூலகத்தின் காப்பாளர்கள் கூடவே இருந்து கொடுத்து வாங்கினார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒலியே இல்லாத பட்டியலில் ஒரு குழலாவது சில நொடி ஒலித்தது நல்லதுதான். பழைய மரக்குழல்களை அடிக்கடி ஊதக்கூடாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. நெடுநாள் உலர்ந்த மரத்தின் உட்புறம் மூச்சின் ஈரத்தில் வீங்கும், வெளிப்புறம் உலர்ந்தே இருக்கும், குழல் வெடிக்கும். ஆனாலும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பேட் சேகரிப்பு, கருவிகள் வாசிக்கப்படவேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கப்பட்டு, தகுதியுள்ளவர்களின் கையில் அவற்றைக் கொடுத்து வந்திருக்கிறது. அளவோடு செய்தால் இரண்டும் முடியும்.

குழலைத் தவிர மற்ற மரக்காற்றுக் கருவிகளைத் தேடுபவர் இங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். கிளாரினெட்டுக்கு எடின்பரோ பல்கலைக்கழகம்தான் இடம். புவியின் பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த அறிவியலாளர் நிக்கலஸ் ஷேக்கிள்டன் (1937–2006) சேர்த்த 800க்கும் மேற்பட்ட கருவிகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஓபோ, பஸ்ஸூன் போன்றவற்றுக்கு, ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல தங்கள் பட்டியல்களை ஒன்றிணைத்து 2011 இல் நிறைவு செய்த மிமோ என்ற பொதுத் தளம் விரிந்தது. ஆனால் மிமோவில் பதிவுகள் அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் தரம் மாறும். ஓரிடத்தில் முழு விவரமும் அடுத்த இடத்தில் ஒரு மங்கிய படமும் கிடைக்கும். மில்லர் சேகரிப்பில், ஒருவரே வாங்கி ஒருவரே குறிப்பெழுதத் தொடங்கியதால், எண்ணூறாவது பதிவைத் திறந்தாலும் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். தேடிப் படிப்பவருக்கு அந்த ஒழுங்கு பெரிய வசதி.

நூலகம் தளத்தைப் புதுப்பிக்கும்போது எனக்கு வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலை வைக்கவேண்டும். துளையின் அகலத்தை ஊகித்துக்கொண்டிருக்கும் வேலை அதோடு போகும். “செய்தவர்” என்ற ஒரே கட்டத்தை, முத்திரையில் உள்ள பெயர் என்றும் பட்டறையில் செய்தவர் என்றும் இரண்டாகப் பிரிக்கவேண்டும். இரண்டாவது கட்டம் பல நூறு குழல்களுக்கு வெறுமையாகத்தான் இருக்கும். பிரவுஸ், ஹட்சன் போன்ற தெரிந்த பெயர்களை இப்போதே நிரப்பிவிடலாம், மற்றவற்றைக் கைத்தடங்களை ஒப்பிடத் தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாக எழுதியனுப்புவார்கள்.